இரவுகளை எண்ணுங்கள்: கொழும்பிலிருந்து முதல் இமயமலை ஏற்றத்துக்கு

இலங்கையிலேயே உயரமான இடம் பிதுருதலாகலை, 2,524 மீற்றர். நேபாளத்தில் சின்ன விமானம் ஏறி லுக்லாவில் இறங்கினால், அந்த ஓடுபாதையே கிட்டத்தட்ட 2,850 மீற்றரில் இருக்கிறது. மலைப் பயணத்தின் முதல் அடியை வைக்கிற இடமே நம் நாட்டு மலைகள் எல்லாவற்றையும்விட உயரம். வெள்ளவத்தையில் மெரின் டிரைவுக்குப் பக்கத்தில் படுத்து எழும்புகிற என்னைப் போன்ற ஒருவர் இங்கே என்னதான் பயிற்சி செய்தாலும் அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க முடியாது. அங்கே போய், அங்கே தூங்கித்தான் பழக்கவேண்டும்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உச்சிக்குப் போகவில்லை, இரண்டாம் தடவை போனேன். இடையில் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் என் உடம்பில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. பயணத்திட்டத்தில் ஐந்து இரவுகள் கூடின, அவ்வளவுதான். சிவனொளிபாதமலைக்கு நாலைந்து தரம் போய்வந்து, நக்கிள்ஸிலும் நடந்து பார்த்துவிட்டு, "இமயமலையில் ஏறவேண்டும், யாரோடு போவது, எங்கே தொடங்குவது?" என்று கேட்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றியே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் போன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

எந்த மலை

எவரெஸ்டை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். 8,848.86 மீற்றர் உயரம், ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். நேபாளப் பக்கத்திலிருந்து ஏற வசந்த காலத்தில் அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டும் ஓர் ஆளுக்கு 15,000 டொலர். 2025 செப்டெம்பருக்கு முன் அது 11,000 ஆக இருந்தது. பயணத்தை ஒழுங்கு செய்கிற நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசு அதற்கு மேல் பல மடங்கு. நம் நாட்டிலிருந்து முதலில் அந்த உச்சியில் நின்றவர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21ஆம் திகதி. முதல் ஆள் ஒரு பெண் என்பது எனக்கு இன்றைக்கும் பெருமை. அவரோடு போன யொஹான் பீரிஸ் அந்த வருடம் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே இருந்து திரும்பினார். 2018 மேயில் மறுபடி போய் ஏறி முடித்தார். பல வருடம் சின்ன மலைகளில் பழகிய ஆட்கள் அவர்கள்.

முதல் தடவைக்கு நேபாளத்தின் 6,000 மீற்றர் மலைகளே சரி. நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதி கொடுக்கிற சிகரங்களில் மூன்றைப் பற்றி எல்லா நிறுவனங்களும் கதைக்கும். மேரா 6,476 மீற்றர். உயரம் கூட, ஆனால் பெரும்பகுதி பனிப்பாறை மேல் நடைதான். லொபுச்சே கிழக்கு 6,119 மீற்றர், செங்குத்து அதிகம். மூன்றாவது ஐலண்ட் பீக் என்கிற இம்ஜா ட்சே. உயரம் 6,189 மீற்றர் என்றும் 6,165 என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள். 1950களில் வந்த பிரிட்டிஷ் மலையேறிகளுக்கு அது பனிக்கடலின் நடுவே ஒரு தீவு போலத் தெரிந்ததால் அந்தப் பெயர். நானும் தீவிலிருந்து போன ஆள் என்பதால் அதையே தேர்ந்தேன். அது மட்டும் காரணம் என்றால் தப்பு. கயிறு, கிராம்பன் (பனியில் வழுக்காமல் சப்பாத்தின் அடியில் மாட்டும் பற்கள்), ஜூமர் (கயிற்றைப் பிடித்து ஏற உதவும் கருவி), பனிப்பிளவு என்று பெரிய மலையில் வருகிற எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு அதுதான் தேவை. கீழே சொல்வதெல்லாம் அந்த மலையை வைத்துத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு மாதம் லீவு எடுக்க முடிந்தவர் முதலில் இந்தியாவில் மலையேற்றப் பள்ளிக்குப் போகலாம். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு இன்ஸ்டிடியூட், மணாலியில் ஒன்று. அடிப்படைப் பாடநெறி நாலு கிழமை போல இருக்கும். டென்சிங் நோர்கேதான் டார்ஜிலிங் பள்ளியின் முதல் களப் பயிற்சி இயக்குநர். வெளிநாட்டவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள், இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். நாலு கிழமை கிடைக்கும் என்றால் யோசிக்காமல் பள்ளிக்கே போங்கள். நிறுவனத்தோடு போகும்போது வழிகாட்டி உங்களுக்காக எல்லாம் செய்துவிடுவார். பள்ளியில் நீங்களே செய்யவேண்டும்.

நிறுவனத்திடம் கேட்கவேண்டியவை

காத்மண்டு நிறுவனங்கள் ஐலண்ட் பீக்குக்கு வழக்கமாக 2,000 முதல் 3,500 டொலர் வரை கேட்கும். வெளிநாட்டு வழிகாட்டி கூட வருகிற பயணம் என்றால் இன்னும் கூட. விலையைப் பார்க்கும் முன் பயணத்திட்டத்தை எடுத்து, பேனையால் ஒவ்வொரு இரவுக்கும் பக்கத்தில் அந்த ஊரின் உயரத்தை எழுதுங்கள். நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை.

மருத்துவர்கள் சொல்கிற கணக்கு இது: 3,000 மீற்றருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை, ஒரே ஊரில் இன்னொரு இரவு தங்கவேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறிப் பார்த்தாலும் பரவாயில்லை, இரவுக்குக் கீழே வந்து படுக்கவேண்டும். இப்போது பாதையைப் பாருங்கள். லுக்லாவில் இறங்கி, முதல் இரவு பக்டிங், 2,610. அடுத்தது நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 830 மீற்றர். இடையில் தங்குகிற ஊர்கள் இருந்தாலும் எல்லாரும் நாம்சேக்கே போய்விடுவார்கள். ஆகவே நாம்சேயில் இரண்டு இரவு கட்டாயம். தெங்போச்சே, 3,860. டிங்போச்சே, 4,410, இங்கேயும் இரண்டு இரவு. சுக்குங், 4,730, முடிந்தால் இரண்டு. அப்புறம் 5,100 அளவில் அடிமுகாம். இவை தவிர, காற்று மோசமானால் காத்திருக்க ஒன்றோ இரண்டோ நாள்.

என் முதல் திட்டத்தில் காத்மண்டுவிலிருந்து காத்மண்டுவுக்கு 14 நாள். டிங்போச்சேயில் ஓர் இரவு, சுக்குங்கில் ஓர் இரவு. விலை நல்ல மலிவு. சுக்குங்கில் பின்னேரம் தலையிடி தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு காசு கட்டி வந்துவிட்டு, என்னால் மற்றவர்களுக்கும் தாமதம் வரக்கூடாது என்று பயந்தேன். அடுத்த நாள் அடிமுகாமில் சாப்பாட்டுக் கூடாரத்தில் கரண்டி கையிலிருந்து இரண்டு தரம் விழுந்தது. வழிகாட்டி என்னை வெளியே கூப்பிட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சரிந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இருட்டிலேயே என்னைக் கையில் பிடித்து இறக்கினார். சுக்குங் தாண்டி இறங்க இறங்கத் தலை லேசானது. விடியும்போது டிங்போச்சேயில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அன்றைக்குக் கூப்பிட்டு நடக்கச் சொல்லாமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

அதனால் இரவுகளை எண்ணுங்கள். அதற்கு அடுத்து நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கவேண்டியவை: ஒரு மலை வழிகாட்டிக்கு எத்தனை ஏறுபவர்? உச்சி நாளில் இருவருக்கு ஒருவர் என்றால் நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் திரும்பும்போது எல்லாரும் திரும்பவேண்டி வரும். வழிகாட்டியின் தகுதி என்ன? ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்கிற சர்வதேசச் சான்று உள்ள நேபாள வழிகாட்டிகள் இப்போது இருக்கிறார்கள். நேபாள மலையேற்றச் சங்கத்தில் பயிற்சி பெற்றவர்களும் நல்லவர்கள். ஒக்சிஜன் சிலிண்டரும் வாக்கிடோக்கியும் அடிமுகாமில் இருக்குமா? திரும்பச் சொல்லும் முடிவு யாருடையது? போன பருவத்தில் எத்தனை பேர் உச்சிக்குப் போகாமல் திரும்பினார்கள், ஏன்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே நான் இரண்டாம் தடவை நிறுவனத்தைத் தேர்ந்தேன். எங்களோடு வந்தால் நூற்றுக்கு நூறு உச்சி என்று சொல்கிறவரிடம் காசு கட்டாதீர்கள்.

சுமை தூக்குகிறவர்களுக்குக் காப்புறுதி உண்டா, அவர்களுக்குச் சரியான சப்பாத்தும் ஜாக்கெட்டும் நிறுவனம் கொடுக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஓர் ஆளின் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. 2014 ஏப்ரல் 18ஆம் திகதி எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனியருவியில் பனிச்சரிவில் இறந்த 16 பேரும் மற்றவர்களுக்காக வழி அமைக்கவும் சாமான் தூக்கவும் போன நேபாளத் தொழிலாளர்கள். நம் கனவின் எடையை அவர்கள்தான் சுமக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்துக் கூடையின் எடைக்காகச் சண்டை பிடித்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் யார் கேட்பது?

வீசா, அனுமதி, காப்புறுதி

இது சுருக்கம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு நேபாளத்தில் வருடத்துக்கு ஒரு தடவை 30 நாள் வீசா இலவசம், சார்க் நாட்டவர் என்பதால். காத்மண்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும். இந்தப் பாதை போகிற சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் சார்க் நாட்டவருக்குக் குறைவு. நிறுவனம் உங்களை ஐரோப்பியர் கணக்கில் போட்டிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். சிகர அனுமதியை நிறுவனமே எடுக்கும். வசந்த காலத்தில் கட்டணம் அதிகம், மற்றப் பருவங்களில் குறைவு. இந்தியா வழியாக விமானம் மாறுகிறீர்கள் என்றால், பொதிகள் நேராகக் காத்மண்டுவரை போகுமா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் இந்திய வீசா தேவைப்படும்.

காப்புறுதியில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வீசாவுக்காக எடுக்கிற சாதாரணப் பயணக் காப்புறுதியில் மலையேற்றம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பத்திரத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கவேண்டும்: கயிறும் கிராம்பனும் கொண்டு ஏறுவது, 6,500 மீற்றர் வரை உயரம், ஹெலிகொப்டர் மீட்பு. கொழும்பில் கிடைக்காவிட்டால், மலையேறுபவர்களுக்கென்றே காப்புறுதி விற்கிற வெளிநாட்டு நிறுவனங்களிடம் இணையத்தில் வாங்கலாம். அவசர இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வழிகாட்டியிடம் ஒன்று, வீட்டில் ஒன்று கொடுங்கள். தேவையில்லாமல் ஹெலிகொப்டர் கூப்பிட்டுப் பில் போடும் மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. நடந்து இறங்க முடிந்தால் நடந்து இறங்குங்கள்.

எப்போது

ஏப்ரல், மே. அல்லது ஒக்டோபர், நவம்பர். இடையில் மழைக்காலம். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையைச் சேர்த்து எடுத்தால் அலுவலகத்தில் லீவு கேட்பது லேசு. ஒக்டோபரில் வானம் தெளிவு, குளிர் கூட. அப்போது நேபாளத்தில் தசைன் பண்டிகை வரும், நம் தீபாவளி நேரத்தில் அவர்களுக்குத் திஹார். வாகனமும் ஆளும் கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்னரே பதிவு செய்யுங்கள்.

கொழும்பில் பயிற்சி

ஆறு மாதம் வேண்டும். ஓடத் தெரியவேண்டும் என்றில்லை. முதுகில் பையோடு பல மணி நேரம், பேச்சுக் கொடுக்கக்கூடிய மூச்சோடு, மெல்ல ஏறத் தெரியவேண்டும்.

எங்கள் தொடர்மாடியில் ஒன்பது மாடி. தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஏறத்தாழ 27 மீற்றர். பையில் ஐந்து கிலோ சம்பா அரிசிப் பொதி ஒன்று, இரண்டு மாதம் போனதும் இன்னொன்று. காலை ஐந்து மணிக்குத் தொடங்குவேன். கீழே காவலுக்கு இருக்கிற ஐயா ஒவ்வொரு தரமும் நான் இறங்கி வரும்போது சுவரில் சோக்கால் ஒரு கோடு போடுவார். இருபது கோடு என்றால் 540 மீற்றர். முப்பத்தேழு கோடு போட்ட அன்று, "இன்றைக்கு நல்லதண்ணியிலிருந்து பாதமலைக்கு ஏறின மாதிரி" என்று சொன்னேன். அவர் மஸ்கெலியாக்காரர். "படி சரி தம்பி, குளிர் எங்கே?" என்று கேட்டார். லிப்டில் இறங்காதீர்கள். அரிசியோடு நடந்தே இறங்குங்கள். மலையில் முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான், இறங்கிப் பழகிய தொடைதான் அன்றைக்குக் காப்பாற்றும்.

கிழமையில் மூன்று நாள் படி. ஒரு நாள் நீண்ட நடை: காலி முகத்திடலிலிருந்து கடலோரமாகத் தெஹிவளைவரை போய்த் திரும்பலாம். மாதத்துக்கு ஒரு தடவை உண்மையான மலை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். பத்துக் கிலோ பையோடு ஏறி, இறங்கி, அடுத்த நாளும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் கிரிகல்பொத்தைக்குப் போய்வர 14 கிலோமீற்றர். அங்கே காலைப் பனியில் விரல் மரத்துப் போகும்போது கையுறையோடு சப்பாத்து நாடா கட்டிப் பழகுங்கள்.

டொக்டரிடம் போவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும். ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர் போகவே கூடாது என்றில்லை. ஆனால் குளிரில் இன்சுலின் உறையும், சீனி பார்க்கும் கருவி பிழையாகக் காட்டும், எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டி வைத்திருக்கவேண்டும். உயர நோய் வராமல் இருக்க டயமொக்ஸ் குளிசை பற்றியும் கேளுங்கள். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் முன்னரே சொல்லவேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. குளிசை போட்டுவிட்டோம் என்று இரவுகளைக் குறைக்காதீர்கள்.

சாமான்

கொழும்பில் வாங்கவேண்டியது கொஞ்சம்தான். நடைச் சப்பாத்து ஒன்று இங்கேயே வாங்கி, மூன்று மாதம் போட்டுப் பழக்குங்கள். மற்றதெல்லாம் காத்மண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும்: இறகு ஜாக்கெட், மைனஸ் 20 பாகைக்கான தூக்கப்பை, ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார்), தலைக்கவசம், கிராம்பன், பனிக்கோடரி, ஜூமர். நாம்சேயிலும் சுக்குங்கிலும்கூட வாடகைக்கு எடுக்கலாம். பருத்தி உடுப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நம் சூட்டுக்கு அது சுகம், அங்கே வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பை விறைக்க வைக்கும்.

பனிச் சப்பாத்தில் ஒரு எச்சரிக்கை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அடுக்குள்ள பெரிய சப்பாத்து அது. முதல் தடவை வாடகைக்குத் தந்தவர் என் அளவு இல்லை என்று ஓர் அளவு குறைந்ததைத் தந்தார், நானும் பரவாயில்லை என்று வாங்கினேன். நல்லவேளை அதைப் போடுமுன்னரே திரும்பிவிட்டேன். இறுக்கமான சப்பாத்தில் இரத்தம் ஓடாது, விரல் உறையும். தடித்த மேஸ் போட்டு, சரிவில் இறங்குகிற மாதிரிக் காலைச் சாய்த்து உதைத்துப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் வேண்டாம். கிராம்பனை அந்தச் சப்பாத்திலேயே மாட்டி, காலை உதறிப் பாருங்கள். கடையில் அரை மணி நேரம் போனாலும் சரி.

பாதையில்

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டம் கூடும்போது லுக்லா விமானங்கள் காத்மண்டுவிலிருந்து புறப்படாமல் ராமேச்சாப்பிலிருந்து புறப்படும். நாலைந்து மணி நேர வாகனப் பயணம், நடுச்சாமத்தில் கிளம்பவேண்டும். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுவார்கள். நம் காதுக்கு அம்மாவைக் கூப்பிடுவது போலக் கேட்கும், இரண்டு நாளில் நீங்களும் வழிகாட்டியை அப்படியே கூப்பிடுவீர்கள். அவர் உங்களிடம் அதிகம் சொல்லப்போகிற சொல் 'பிஸ்தாரே'. மெல்ல. அவர் பின்னால், அவர் வைத்த அடியில் அடி வைத்து நடங்கள். கெதியாக முந்திப் போகிறவர்களை விடுங்கள்.

சாப்பாட்டுக்கு நமக்குக் கவலை இல்லை. தால் பாத் என்பது சோறும் பருப்பும் கறியும்தான், தட்டு காலியாகக் காலியாகப் போடுவார்கள். மேலே போகப் போக இறைச்சியைத் தவிருங்கள். கீழிருந்து சுமந்து கொண்டுவருகிற இறைச்சி எத்தனை நாள் பழையது என்று சொல்லமுடியாது. நாளுக்கு மூன்று நாலு லீற்றர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கள். நான் கொண்டுபோன சுக்கு மல்லித் தூளை வெந்நீரில் போட்டுக் குடித்தது பெரிய உதவி. காசை நேபாள ரூபாயாகக் கையில் வைத்திருங்கள். நாம்சேக்கு மேலே ஏ.டி.எம்.மை நம்பமுடியாது, வெந்நீருக்கும் போன் சார்ஜ் செய்வதற்கும்கூடக் காசு.

மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவர்களும் ஸ்தூபிகளும் வந்தால் அவற்றை வலப்பக்கத்தில் விட்டு நடங்கள், நாம் கோயில் சுற்றுகிற திசைதான். நாம்சேக்கு மேலே கும்பிலா என்று ஒரு மலை நிற்கும். 5,761 மீற்றர்தான், ஆனால் அங்கே வாழும் ஷெர்ப்பா மக்களுக்கு அது காவல் தெய்வம், ஏறமாட்டார்கள். பாதமலையைப் புனிதம் என்று நாம் ஏறுகிறோம், அதே காரணத்துக்காக அவர்கள் ஏறாமல் விடுகிறார்கள். நான் அந்த மலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

தலையிடி, வாந்தி வருகிற மாதிரி, பசியின்மை, தலைச்சுற்று. இவற்றில் எது வந்தாலும் உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தடிமன் என்றோ வெயில் என்றோ சமாதானம் சொல்லாதீர்கள். அன்றைக்கு மேலே போய்த் தூங்கவேண்டாம். கூடிக்கொண்டு போனால் அந்த நேரமே இறங்கவேண்டும், இரவானாலும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால் மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டும் ஆளைக் கொல்லும், இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. டிங்போச்சேக்குப் பக்கத்தில் பெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் பருவ காலத்தில் திறந்திருக்கும். தலையிடியை வழிகாட்டியிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் எனக்குப் போதாது.

உச்சி நாள்

அடிமுகாமில் ஒரு பகல் முழுக்கக் கயிற்றுப் பயிற்சி கேளுங்கள். பயணத்திட்டத்தில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். கொழும்பிலேயே நான் இதைப் பழகினேன்: மாடிப்படிக் கைபிடியில் கயிறு கட்டி, ஒவ்வொரு தளத்திலும் ஒரு முடிச்சு, குளிர்காலக் கையுறை போட்டுக்கொண்டு. ஹார்னஸிலிருந்து இரண்டு வார் வரும். ஒன்றின் நுனியில் ஜூமர். அது கயிற்றில் மேலே நகரும், கீழே இழுத்தால் பல்லால் கடித்துக்கொள்ளும். மற்றதன் நுனியில் காரபினர் என்கிற, திறந்து மூடும் கொளுக்கி, பாதுகாப்புக்கு. பனியில் அறைந்த ஒவ்வொரு முளையிலும் கயிறு கட்டப்பட்டிருக்கும். முளைக்கு வந்ததும் முதலில் காரபினரைக் கழற்றி, முளைக்கு மேலே உள்ள கயிற்றில் மாட்டுங்கள். மாட்டிய சத்தம் கேட்டபின் ஜூமரைக் கழற்றி மேலே மாட்டுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றிருக்கக் கூடாது, ஒரு கணம்கூட. கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை பழகுங்கள். காலை நாலு மணிக்கு, மைனஸ் குளிரில், மூச்சு வாங்கும்போது யோசித்துச் செய்ய மூளை இருக்காது, கைதான் செய்யும்.

இரவு ஒரு மணிபோலக் கிளம்புவீர்கள். முதலில் பாறை, அப்புறம் பனிப்பாறை. அங்கேதான் கிராம்பன் கட்டுவது, எல்லாரும் ஒரு கயிற்றில் கோத்துக்கொள்வது. சில வருடம் பனிப்பிளவுகள் மேல் அலுமினிய ஏணி போட்டிருப்பார்கள். ஏணிப் படியில் கிராம்பனின் முன் பல்லும் பின் பல்லும் இரு பக்கமும் விழுகிற மாதிரி நடுப்பாதத்தை வைக்கவேண்டும். கடைசியில் செங்குத்துப் பனிச்சுவர், அதற்கு மேல் ஒரு ஒடுக்கமான முகடு. 5,500 மீற்றரிலேயே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் பாதிதான். நான் பத்து அடி வைத்தால் நின்று ஐந்து மூச்சு எடுத்தேன். திரும்பும் நேரத்தை முதல் நாள் இரவே வழிகாட்டியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் திரும்பவேண்டும். கையுறையைக் கழற்றிப் படம் எடுக்காதீர்கள், வழிகாட்டியிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். உச்சியில் நான் நின்றது ஏழு நிமிடம். வடக்கே லோட்சே மலையின் சுவர் வானத்தையே மறைத்துக்கொண்டு நின்றது, எவரெஸ்ட் அதற்குப் பின்னால், தெரியவில்லை.

இறக்கத்தில் இன்னும் கவனம். களைப்பும் உச்சிக்குப் போன சந்தோஷமும் சேர்ந்து வருகிற நேரம் அது. கயிற்றில் இறங்குமுன் முடிச்சையும் ஹார்னஸ் கொளுக்கியையும் வழிகாட்டி ஒரு தரம், நீங்கள் ஒரு தரம் தொட்டுப் பாருங்கள்.

லுக்லாவில் பிரியும் முன் வழிகாட்டிக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் அன்பளிப்பை அவரவர் கையில் கொடுங்கள், நிறுவனத்தின் மூலம் வேண்டாம். கூலிக்கு மேலான அந்தக் காசைப் புறப்படும்போதே தனி உறையில் போட்டு வைத்திருந்தால், பாதையில் செலவாகாது. அடுத்த நாள் காலை முகில் இறங்கினால் விமானம் வராது. நாங்கள் இரண்டு பகல், அந்தச் சின்ன விமான நிலையத்தின் மர வாங்கில், பொதிகளின் மேல் கால் நீட்டிக் காத்திருந்தோம். கொழும்புக்கான டிக்கெட்டுக்கு முன்னால் காத்மண்டுவில் குறைந்தது இரண்டு இரவு வையுங்கள். அலுவலகத்தில் லீவு கேட்கும்போது அந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.